கடன்பட்ட ஆபிரிக்காவுக்கு மன்று எங்கே?

நமது பட்டினத்துக் கடைக்காரர் ஒருவர் வியாபாரம் நொடித்துக் கடனில் அமிழ்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் இந்நாட்டில் ஒரு சட்டம் உண்டு. வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் 1853 ஆம் ஆண்டிலேயே இத்தீவில் இயற்றப்பட்டுவிட்டது. கடன் கொடுத்தோர் அனைவரும் ஒரே மன்றின் முன் வருதல் வேண்டும். உள்ளதை அவரவர் விகிதப்படி பங்கிடுதல் வேண்டும். நேர்மையாக நடந்த கடனாளி மீண்டும் எழுந்து நடக்க வழி விடுதல் வேண்டும். அச்சட்டத்தின் சாரம் இதுவே. நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தீர்ப்புக் கடனாளியின் உடுபுடவையையும் படுக்கையையும் பிஸ்கால் கைப்பற்றலாகாது. தொழிலாளியின் கருவிகளைத் தொடலாகாது. உழவனின் கலப்பையையும் உழவு மாட்டையும் விதை தானியத்தையும் பறிக்கலாகாது. விதைநெல்லைப் பறித்துவிட்டால் அடுத்த போகத்தில் கடனை இறுப்பவர் யார் என்னும் அறிவு அச்சட்டத்தை எழுதினோர்க்கு இருந்தது.

ஆனால், கடனில் அமிழ்ந்தது ஒரு கடையன்று, ஒரு தேசம் என்றால் என்ன நடக்கும்? அத்தேசத்துக்கு வங்குரோத்துச் சட்டம் இல்லை. அதன் விதைநெல்லைக் காக்கும் விதி இல்லை. கடன் கொடுத்தவர் வழக்கிடுவதற்கு மன்றுகள் உள. கடன்பட்ட நாடு அடைக்கலம் புகுவதற்கு உலகெங்கும் ஒரு மன்றுதானும் இல்லை. இன்றைய ஆபிரிக்காவின் அவலத்தை அறிய விழைவோர் இவ்வொரு உண்மையை முதலில் மனத்திருத்துதல் வேண்டும்.

ஆபிரிக்காவைப் பற்றி நமது நாளேடுகள் எழுதுவன யாவை? மாலியில் இராணுவப் புரட்சி. புர்க்கினா பாசோவில் இராணுவப் புரட்சி. நைஜரில் இராணுவப் புரட்சி. சூடானில் உள்நாட்டுப் போர். வாசிப்பவர் பெருமூச்சு விட்டு, "அவர்களுக்கு ஆளத் தெரியவில்லை" என்று கூறித் தாளை மடித்து வைக்கிறார். அடிமைப்பட்டிருந்த ஆசிய நாடுகளைப் பற்றியும் அன்றைய எசமானர்கள் இதே வாசகத்தைத்தான் கூறிவந்தனர் என்பதை அவர் மறந்துவிட்டார். ஆபிரிக்காவின் துயர்கள் பல. அவையனைத்துக்கும் ஒரே காரணம் உண்டென்று சாதிக்கும் பேதைமை நமக்கு இல்லை. ஆயினும், தேர்தலில் வென்ற நல்ல அரசையும் தோற்ற கெட்ட அரசையும் ஒரே தளையாற் பிணிக்கும் காரணம் ஒன்று உண்டு. அதுவே கடன். கடனினுங் கொடியது, அக்கடனை விசாரிக்கும் முறை.

கடனைத் தொடர்ந்து வந்த படை

இது நேற்றுத் தோன்றிய நோயன்று. எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் ஐரோப்பிய வங்கிகளிடம் வாங்கிய கடன் ஒன்பது கோடிப் பவுண் அளவுக்கு வளர்ந்தது. 1875 இல் சுயஸ் கால்வாயிலே தமக்கிருந்த பங்குகளை ஏறக்குறைய நாற்பது இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவிடம் விற்றார். அடுத்த ஆண்டிலேயே எகிப்து கடனிறுக்க இயலாது விழுந்தது. உடனே கடன் கொடுத்தோரின் பிரதிநிதிகள் கெய்ரோவில் ஒரு கடன் ஆணைக்குழுவை அமைத்து, நாட்டின் வருவாயைத் தம் கையில் எடுத்தனர். 1879 இல் கெதிவ் அகற்றப்பட்டார். 1882 இல் பிரித்தானியப் படை இறங்கிற்று. கடன் தண்ட வந்த அப்படையின் கடைசி வீரன் எகிப்தை விட்டு நீங்கியது 1956 இல் ஆகும்.

தூனிசியாவின் கதையும் அஃதே. 1869 இல் அந்நாட்டின் நிதியை மேற்பார்க்கச் சர்வதேச ஆணைக்குழு வந்தது. 1881 இல் பிரெஞ்சுப் படை வந்தது. முன்னே கணக்கப்பிள்ளை, பின்னே சிப்பாய். ஆபிரிக்காவின் பெரும் பகுதிகள் வாளினால் வெல்லப்பட்டன. இவ்விரு நாடுகளிலோ வாளுக்கு முன்னே சென்றது வட்டிக் கணக்கு.

இன்று சிப்பாய் வருவதில்லை. அவருக்கு அவசியமும் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், இவ்வுறுதி பற்றிய பிணக்குகள் இங்கிலாந்தின் சட்டப்படி தீர்க்கப்படும் என்ற ஒரு வாசகம் இருந்தால் அதுவே போதுமானது. சாம்பியாவின் கடன்முறிகளும் கானாவின் கடன்முறிகளும் இங்கிலாந்துச் சட்டத்துக்கு அமைந்தவை. கொடி இறங்கியது, ஆளுநர் கப்பலேறினார், ஆனால் கடனைப் பற்றிய இறுதிச் சொல் இலண்டன் நகரை விட்டு அகலவில்லை.

சாம்பியாவின் வழக்கு

வழக்கறிந்தோர் பொதுப்படப் பேசுவதை விட்டு ஒரு வழக்கை எடுத்து ஆராய்வர். நாமும் அவ்வாறே சாம்பியாவை எடுத்துக்கொள்வோம்.

1964 ஒக்டோபர் 24 இல் விடுதலை பெற்ற சாம்பியா செம்பு விளையும் பூமி. செம்பைத் தோண்டுவது சாம்பியத் தொழிலாளி. அதன் விலையைச் சாற்றுவது இலண்டன் உலோகச் சந்தை. 1970 களின் நடுப்பகுதியில் அவ்விலை சரிந்தது, அரசு கடன்பட்டது. வட்டி ஏறிற்று; கடனை இறுக்கக் கடன் வாங்கிற்று. 1990 களிலே உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கூறிய மருந்தின்படி நாட்டுக்குச் சொந்தமான செம்புச் சுரங்கங்கள் பிரித்து விற்கப்பட்டன. அதன் பின்னரே, 2005 இலும் அடுத்த ஆண்டிலும், ஏறக்குறைய 700 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுக் கடன் 100 கோடிக்கும் கீழே குறைக்கப்பட்டது. சுரங்கம் போய்விட்டது, சுமையும் சற்றே இறங்கிற்று.

சுமை இறங்கிய தோளைக் கண்டதும் புதிய வட்டிக்காரர் வந்தனர். 2012 இல் 75 கோடி டொலர் கடன்முறி, வட்டி 5.375 சதவீதம். 2014 இல் 100 கோடி, வட்டி 8.5 சதவீதம். 2015 இல் 125 கோடி, வட்டி 8.97 சதவீதம். மூன்றே ஆண்டுகளில் 300 கோடி டொலர். இடையிலே செம்பின் விலை மீண்டும் சரிந்தது. அந்நாட்டு நாணயமாகிய குவாச்சா வீழ்ந்தது. சீன வங்கிகளிடம் வாங்கிய கடனும் உடன் வளர்ந்தது. பின்னர்க் கொள்ளைநோய் வந்தது. 2020 நவம்பரில் 4 கோடி 25 இலட்சம் டொலர் வட்டித் தவணையைச் செலுத்த இயலாது சாம்பியா நின்றுவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வாறு விழுந்த முதல் ஆபிரிக்க நாடு அது.

விழுந்தபின் நடந்ததுவே நமது வாதத்தின் உயிர்நிலை. 2020 நவம்பரில் இருபது பெருநாடுகளின் கூட்டமைப்பு 'பொதுச் சட்டகம்' என்ற ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. அதன் வாயிலிற் சென்று நின்ற நாடுகள் சாட், எத்தியோப்பியா, சாம்பியா, கானா என்ற நான்குமே ஆபிரிக்க நாடுகள். 2021 இன் தொடக்கத்திலே சாம்பியா விண்ணப்பித்தது. அவ்வாண்டு ஓகஸ்டிலே மக்கள் பழைய அரசை வாக்குச் சீட்டாலேயே அகற்றி, ஹக்காயிண்டே ஹிச்சிலேமாவைச் சனாதிபதியாக்கினர். கடனைக் குவித்தவர் போய்விட்டார், கடன் போகவில்லை. 2022 ஓகஸ்டில் நாணய நிதியத்தின் உதவி கிடைத்தது. 2023 ஜூனில், 630 கோடி டொலரைப் பற்றி அரசுகளாகிய கடன்காரர் பரிசில் இணங்கினர். அத்தொகையில் ஏறக்குறைய 410 கோடி சீனாவுக்குரியது. அவ்வாண்டு நவம்பரிலே முறியுடையோரோடு எட்டிய இணக்கத்தை அரசுகளாகிய கடன்காரர் போதாதென்று தள்ளிவிட்டனர். மீண்டும் பேச்சு. ஈற்றில் 2024 மார்ச்சில் உடன்பாடு, ஜூனில் நிறைவேற்றம்.

கணக்கிட்டுப் பார்ப்போர் அறிவர்: மூன்றரை ஆண்டுகள்! ஒரு மன்று இருந்திருப்பின், ஒரு நீதிபதி இருந்திருப்பின், ஒரு தவணைத் திகதி இருந்திருப்பின், இவ்வாறு இரு சாராரும் சாம்பியாவைப் பந்தாடியிருக்க முடியுமா? முறியுடையோர் விட்டுக்கொடுத்தது ஏறக்குறைய 84 கோடி டொலர். நாட்டின் பொருளாதாரம் தேறினால் விரைவாகவும் கூடுதலாகவும் பெறுவதற்கான ஏற்பாட்டையும் அவர்கள் புதிய உறுதியிலே எழுதிக்கொண்டனர். 2024 பெப்ரவரி 29 இலே கொடிய வரட்சியினாற் சாம்பியா தேசிய அனர்த்த நிலையைப் பிரகடனஞ் செய்தது. சோளம் காய்ந்தது, கரிபா நீர்த்தேக்கம் வற்றியதனால் நகரங்கள் இருளில் மூழ்கின. அடுத்த மாதமே கடனுறுதியிற் கையொப்பம். விதைநெல்லைப் பற்றிய விதி அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் வாசகர் நோக்குதல் வேண்டும். முறிகளுக்கான தவணை நின்றிருந்த அதே காலத்தில், 2022 இல், சாம்பியா இடைநிலைக் கல்விவரை பாடசாலைக் கட்டணத்தை ஒழித்தது. ஒரே ஆண்டில் 30,000 க்கு மேற்பட்ட ஆசிரியர்களை நியமித்தது. ஆளத் தெரியாதவர் செய்யும் காரியமா இது?

உழவு இயந்திரமும் பிணந்தின்னிக் கழுகும்

மன்றே இல்லையென்று நாம் கூறியதைக் கேட்டு, இலண்டனிலும் நியூ யோர்க்கிலும் உயர் நீதிமன்றங்கள் இல்லையா என்று சிலர் வினவுவர். உள. அவை யாருக்குப் பயன்பட்டன என்பதற்கு அதே சாம்பியா சாட்சி.

1979 இல் ருமேனியா உழவு இயந்திரங்கள் முதலிய வேளாண்மைப் பொறிகள் வாங்குவதற்குச் சாம்பியாவுக்குக் கடன் கொடுத்தது. இறுக்கப்படாது வட்டியோடு ஏறக்குறைய 3 கோடி டொலராக வளர்ந்த அக்கடனை, பிரித்தானிய வேர்ஜின் தீவுகளிற் பதிவான 'டொனிகால்' என்ற கம்பனி 1999 இல் 33 இலட்சம் டொலர் அளவான விலைக்கு வாங்கிற்று. பிறகு அக்கம்பனி 5 கோடி 50 இலட்சம் டொலர் கேட்டு இலண்டனில் வழக்கிட்டது. 2007 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஏறக்குறைய 1 கோடி 55 இலட்சம் டொலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. உலக நாடுகள் கடன் தள்ளிக் கொடுத்து மீட்ட பணம், ஒரு காசுதானும் சாம்பியாவுக்குக் கடன் கொடுத்திராத கம்பனியின் பெட்டிக்குப் போயிற்று. போட்ட முதலுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு! நமது கிராமத்து மீற்றர் வட்டிக்காரரும் கேட்டால் நாணுவார்.

நீதிபதியை நாம் குறை கூறவில்லை. அவர் முன்னிருந்த சட்டம் அவ்வளவே. அச்சட்டத்தின் குறையைப் பிரித்தானியப் பாராளுமன்றமே உணர்ந்தது. 2010 இல் கடன் நிவாரணச் சட்டமொன்றை இயற்றி, நிவாரணம் பெற்ற வறிய நாடுகளிடம் பழைய கடனை முழுதாகக் கறக்கும் வழக்குகளைத் தடுத்தது. மறு ஆண்டிலே அதனை நிரந்தரமாக்கிற்று. சட்டத்தால் இதனைச் செய்ய இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? ஆனால், அச்சட்டம் பழைய கடன்களுக்கே உரியது. 2012 க்குப் பின் ஆபிரிக்கா வெளியிட்ட புதிய முறிகளுக்கு அதன் நிழல் எட்டுவதில்லை. வாயிலை அடைத்தவர்கள் சன்னலைத் திறந்துவிட்டனர்.

வீதிக்கு வந்த நீதியரசர்

1957 மார்ச் 6 இல் விடுதலை பெற்றுக் கருப்பு ஆபிரிக்காவுக்கு வழிகாட்டிய நாடு கானா. புதிய குடியேற்றவாதம் என்பது என்னவென்று 1965 இலே நூலெழுதி உலகுக்கு எடுத்துரைத்தவர் அதன் தலைவர் குவாமே நிக்ருமா. அந்தக் கானா 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனிறுப்பை நிறுத்திற்று. வெளிநாட்டு முறியுடையோருடன் இணக்கம் எட்டியது 2024 இல். ஆனால் உள்நாட்டு முறியுடையோரின் தலையில் உடனடியாகவே கை வைக்கப்பட்டது. தம் வாழ்நாட் சேமிப்பை அரசு முறிகளில் இட்டிருந்த ஓய்வூதியர்கள் 2023 பெப்ரவரியில் அக்ராவிலுள்ள நிதியமைச்சின் வாயிலில் நாள்தோறும் மறியல் செய்தனர். அவர்களிடையே கானாவின் முன்னாட் பிரதம நீதியரசர் சோபியா அக்குபோ அம்மையாரும் வந்து நின்றார். நாட்டின் அதியுயர் ஆசனத்திலிருந்து நீதி வழங்கியவரே நீதி வேண்டி வீதியில் நிற்க நேர்ந்த இக்காட்சி, ஆயிரம் அறிக்கைகளினும் உரத்துப் பேசுகிறதன்றோ?

கென்யா கடனிறுக்கத் தவறவில்லை. தவறாதிருந்ததன் விலையை அது வேறு வழியிற் கொடுத்தது. 2014 இல் 6.875 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் முதிர்வடையும் வேளையில், 2024 பெப்ரவரியிலே 9.75 சதவீத வட்டிக்குப் புதிய கடன் வாங்கிப் பழையதைத் தீர்த்தது. வட்டிக்கு வேண்டிய பணத்தை மக்கள்மேற் சுமத்த நிதி மசோதா வந்தது. ஜூன் 25 இல் இளைஞர்கள் நைரோபியிலே பாராளுமன்றத்துட் புகுந்தனர், பொலிசார் சுட்டனர், மறுநாள் சனாதிபதி வில்லியம் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். 39 பேர் இறந்தனரென்று அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழு ஜூலை முதல் நாளில் அறிவித்தது. மாண்ட இளைஞருட் பலர் அந்த முதற் கடன் வாங்கப்பட்டபோது பள்ளிப் பிள்ளைகள். அவர்களை யார் கேட்டுக் கடன் வாங்கினர்? வாக்குச் சீட்டால் வரியை மாற்ற இயலாதென்று காணும் இளைஞன் நாளை துப்பாக்கி ஏந்தியவனை நம்பத் தொடங்குவானாயின், அதற்கு விடை கூறவேண்டியவர் யார்?

எதிராளி தரப்பு வாதங்கள்

எதிர்த்தரப்பார் கூறுவனவற்றையும் கேட்போம். "ஒப்பந்தம் ஒப்பந்தமே; கையொப்பமிட்டவர் இறுக்க வேண்டும்" என்பது முதல் வாதம். ஒப்பந்தச் சட்டம் கற்ற எவரும் அதனோடு மற்றொன்றையும் கற்றிருப்பர்: அதிகாரமின்றி இட்ட கையொப்பம் தலைவனைக் கட்டுறுத்தாது. மொசாம்பிக்கைப் பாருங்கள். 2013 இலும் 2014 இலும் மூன்று அரசுக் கம்பனிகளின் பெயரில் ஏறக்குறைய 200 கோடி டொலர் கடன், பாராளுமன்றத்தின் அங்கீகாரமின்றி அரசின் பிணையோடு எடுக்கப்பட்டது. அதிற் பெரும் பகுதி 2016 வரை மக்களுக்கே மறைக்கப்பட்டிருந்தது. அம்பலமானதும் உதவி நாடுகள் கையை விரித்தன, நாணயம் வீழ்ந்தது, ஏழை பட்டினி கிடந்தான். அப்பிணைகள் செல்லுபடியாகா என்று அந்நாட்டு அரசியலமைப்புச் சபை 2019 இலும் 2020 இலும் தீர்த்தது. கிரெடிட் சுவிஸ் வங்கியின் கிளைக் கம்பனி 2021 இல் அமெரிக்க மன்றிற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முன்னாள் நிதியமைச்சர் மனுவேல் சாங் 2024 இல் நியூ யோர்க்கிற் குற்றவாளியெனக் காணப்பட்டார். இத்தனைக்குப் பின்னும், அக்கடனில் ஒரு பகுதியாகிய முறிகளுக்குப் பதிலாக 2019 இல் 90 கோடி டொலர் புதிய முறி எழுதப்பட்டு, அதன் பாரம் மக்கள் தலையிலேயே இருக்கிறது. திருடியவர் சிறை சென்றார், திருட்டுக் கொடுத்தவர் வட்டி கட்டுகிறார்!

"அவர்கள் ஆட்சியாளர் ஊழல் செய்தனர்" என்பது இரண்டாம் வாதம். செய்தனர், மறுப்பவர் யார்? நாம் எந்தச் சனாதிபதிக்கும் வக்காலத்து வாங்கி வரவில்லை. வேலியே பயிரை மேய்ந்த நாடுகள் அவை. ஆனால், வேலி மேய்வதைக் கண்டுகொண்டே கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா? ஒன்பது சதவீத வட்டி எதற்காக? கடன் திரும்பாமற் போகக்கூடும் என்ற அபாயத்துக்கான கூலியே அது. கூலியைப் பல்லாண்டு வாங்கிவிட்டு, அபாயம் வந்தபோது முதலை ஒரு சதமும் குறையாமற் கேட்பது எந்த ஊர் நியாயம்?

"மேற்கைக் குறை கூறாதீர், சீனாவன்றோ பெருங் கடன்காரன்" என்பது மூன்றாம் வாதம். சாம்பியாவில் அஃது உண்மையே. மறைவான ஒப்பந்தங்களை எழுதிக் கொண்ட சீன வங்கிகளையும் நாம் விடுவிக்கவில்லை. ஆகவேதான் மன்று வேண்டுமென்கிறோம். கடன்காரர் பலராகி ஒருவரை ஒருவர் காட்டித் தப்பும்போதன்றோ நடுவர் இன்றியமையாதவர் ஆகிறார்?

"கடனைத் தள்ளினால் இனி எவரும் கடன் கொடார்" என்பது நான்காம் வாதம். இதற்கு நாம் விடை கூறத் தேவையில்லை. ஜேர்மனி கூறட்டும்.

ஜேர்மனிக்கு ஒரு நீதியோ?

1953 பெப்ரவரி 27 இல் இலண்டன் நகரிலே மேற்கு ஜேர்மனியின் வெளிநாட்டுக் கடன் பற்றிய ஓர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. கடன் கொடுத்தோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். கடனில் ஏறக்குறைய பாதி தள்ளப்பட்டது. எஞ்சியது நீண்ட காலத்துச் சிறிய தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஜேர்மனி தன் ஏற்றுமதியின் மிகுதியிலிருந்தே இறுக்க வேண்டுமென்ற நெறியும் ஏற்கப்பட்டது. உலகைப் போரில் எரித்த நாட்டுக்கு, எட்டாண்டுகள் கழியுமுன் காட்டப்பட்ட கருணை இது. அதன்பின் ஜேர்மனிக்கு எவரும் கடன் கொடுக்கவில்லையா? அது பட்டினியால் மடிந்ததா? ஐரோப்பாவின் பெரும் பொருளாதாரமாக எழுந்து நின்றதன்றோ!

அவ்வுடன்படிக்கையில் ஜேர்மனியின் எதிரே அமர்ந்து கையொப்பமிட்ட நாடுகளின் பட்டியலை வாசகர்கள் ஒருமுறை பார்த்தல் வேண்டும். அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு ஆகியவற்றோடு கிரேக்கம் உண்டு, பாக்கிஸ்தான் உண்டு, விடுதலை பெற்று ஐந்தாண்டுகளே ஆன இலங்கையும் உண்டு. ஆம், ஜேர்மனி மீண்டும் எழுவதற்கு இச்சிறு தீவும் கையொப்பமிட்டது. போரில் எரித்தவனுக்குக் கொடுத்த நீதியை, எரிக்கப்பட்ட ஆபிரிக்காவுக்குக் கொடுத்தலாகாது என்பதற்கு எந்தச் சட்டநூலில் விதி உண்டு?

2015 செப்டெம்பர் 10 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, நாடுகளின் கடனைச் சீரமைப்பதற்கான ஒன்பது அடிப்படை நெறிகளை ஏற்றது. ஆதரவு 136, எதிர்ப்பு 6, நடுநிலை 41. எதிர்த்த அறுவர் யாவர்? அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, யப்பான், இசுரேல் ஆகியவற்றோடு, 1953 இல் அந்நெறியாலேயே உயிர் பெற்ற ஜேர்மனியும்! ஏணியில் ஏறியவர் ஏணியை இழுத்துக்கொண்டார் என்பதன்றி வேறென்ன கூறுவது? அத்தீர்மானம் எவரையும் கட்டுறுத்தவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 2025 இல் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் கூடிய நிதி மாநாட்டிலும் ஆபிரிக்க நாடுகள் கட்டுறுத்தும் உடன்படிக்கையொன்றைக் கேட்டன. கிடைத்தது பேச்சைத் தொடரும் வாக்குறுதியும், கடன்பட்ட நாடுகள் கூடிப் பேசுவதற்கு ஒரு மன்றமும் மட்டுமே.

நமது கடமை

இவையெல்லாம் தூரத்து ஆபிரிக்காவின் சங்கதி என்று இன்னும் எவரேனும் எண்ணுவராயின், 2022 ஏப்ரல் 12 ஐ அவருக்கு நினைவூட்டுகிறோம். அன்றே இலங்கையும் கடனிறுப்பை நிறுத்திற்று. நடுத்தர வருவாய் நாடு என்ற பட்டத்தினால் பொதுச் சட்டகத்தின் வாயிலும் நமக்குத் திறக்கவில்லை. மூன்று மாதங்களுக்குள் கரீபியன் தீவொன்றிற் பதிவான வங்கி நியூ யோர்க்கிலே நம்மீது வழக்கிட்டது. அக்ராவின் ஓய்வூதியர் வாயிலில் நின்ற அதே 2023 இல், நமது தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி, குறைந்த வட்டி முறிகளை ஏற்பதா, 14 சதவீத வரி 30 ஆக உயர்வதைச் சகிப்பதா என்ற இக்கட்டில் நிறுத்தப்பட்டது. வங்கிகளின் முறிகளோ அச்சுமைக்கு விலக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளியின் சேமலாபமும் கானா ஆசிரியையின் ஓய்வூதியமும் ஒரே தராசில் ஏறின. ஆகவே ஆபிரிக்காவின் வழக்கிலே நாம் பார்வையாளர் அல்லர்; உடன் எதிராளிகள்.

புர்க்கினா பாசோவின் தலைவர் தோமஸ் சங்காரா 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவிற் கூடிய ஆபிரிக்க ஒற்றுமை மாநாட்டிலே, கடனை எதிர்ப்பதாயின் அனைவரும் சேர்ந்து எதிர்த்தல் வேண்டும், தனித்து மறுத்தால் அடுத்த மாநாட்டுக்குத் தாம் வரமாட்டார் என்று எச்சரித்தார். மூன்று மாதம் கழியுமுன், ஒக்டோபர் 15 இல், அவர் கொல்லப்பட்டார். கொலைக்குக் காரணங்கள் பலவாயிருக்கலாம். ஆனால் தனித்து நிற்கும் கடனாளி நாட்டின் பலவீனத்தைப் பற்றி அவர் கூறியது இன்றும் பொய்க்கவில்லை. கடன் கொடுத்தோர்க்குச் சங்கங்கள் உண்டு, குழுக்கள் உண்டு, தேர்ந்த சட்டத்தரணிகள் உண்டு. கடன்பட்ட நாடுகளோ ஒவ்வொன்றாக, தனித்தனியே, பின்வாயிலால் அழைக்கப்படுகின்றன.

நாம் கேட்பவை ஐந்து. ஐக்கிய நாடுகளின் கீழ், கடன் கொடுத்தோர் அனைவரையும் கட்டுறுத்தும் உடன்படிக்கையும் நடுவர் மன்றும் அமைதல் வேண்டும். இலங்கை அரசு அங்கே ஆபிரிக்க நாடுகளின் பக்கத்தில் வெளிப்படையாக நிற்றல் வேண்டும். மக்கட் பிரதிநிதிகளின் அங்கீகாரமின்றி, வர்த்தமானியில் வெளியிடப்படாது எழுதிய எந்தக் கடனும் எந்நாட்டு மக்களையும் கட்டுறுத்தாது என்பது சட்டமாதல் வேண்டும். பெரும்பான்மையோர் ஏற்ற இணக்கத்தை மீறித் தனித்து வழக்கிடும் கழுகுகளுக்கு இலண்டனும் நியூ யோர்க்கும் தம் மன்றுகளின் கதவை அடைத்தல் வேண்டும். யாவற்றினும் மேலாக, நாட்டின் பாடசாலையும் ஆசுபத்திரியும் உணவும் உழவனின் விதைநெல்லைப் போன்றவை. அவற்றுக்கு வேண்டியதை ஒதுக்கிய பின்னரே கடனுக்கு என்பது உலக நீதியாதல் வேண்டும்.

இது பிச்சையன்று; சலுகையன்று. 1853 இல் நம் கடைக்காரருக்குக் கிடைத்ததை, 1953 இல் ஜேர்மனிக்குக் கிடைத்ததை, இன்று சாம்பியாவும் கானாவும் மொசாம்பிக்கும் கேட்கின்றன. 330 கோடி மக்கள், கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதிலும் அதிகத்தை வட்டிக்குச் செலவிடும் நாடுகளில் வாழ்கின்றனரென்று ஐக்கிய நாடுகளே 2023 இல் அறிவித்தது. அவர்களுக்கு எதிராக வழக்கு நடக்கிறது. அவர்கள் தரப்பைக் கேட்க மட்டும் ஒரு மன்று இல்லை. அம்மன்று எழும்வரை எந்நாட்டின் விடுதலையும் பாதி விடுதலையே. அதனை எழுப்புமாறு நம் பாராளுமன்ற உறுப்பினரை, நம் தொழிற்சங்கங்களை, நம் சட்டத்தரணிகள் சங்கத்தை வற்புறுத்துவது நம் ஒவ்வொருவரின் கடன். அந்தக் கடனை மட்டும் நாம் தவணை கேளாது இறுப்போமாக!